விருந்தினர்க்கும் அறம் உண்டோ?

விருந்தோம்பல் தமிழரின் தனிப்பெரும் பண்பு என்று நாம் மேடைதோறும் பேசி மகிழ்கிறோம். அதில் பிழையொன்றும் இல்லை. வள்ளுவப் பெருந்தகை இல்லறவியலில் ஒன்பதாம் அதிகாரத்தை விருந்தோம்பலுக்கென்றே வகுத்தளித்தார். வந்தவரை எதிர்கொள்ளும் முகம் எத்தகையதாய் இருத்தல் வேண்டும், உள்ளதை எவ்வாறு பகிர்ந்துண்ணல் வேண்டும், அனிச்ச மலரினும் மெல்லிய விருந்தினர் உள்ளம் எதனால் வாடும் என்பனவற்றையெல்லாம் அவ்வதிகாரம் கற்பிக்கின்றது. ஆயின் அதனைப் பயிலுந்தோறும் நம் உள்ளத்தில் ஒரு வினா எழுகின்றது. பத்துக் குறளும் விருந்தை ஏற்பவனை நோக்கியே பேசுகின்றன. விருந்தாகச் செல்பவனுக்கு அங்கே கட்டளை ஏதும் இல்லை. கையேந்தி நிற்பவனுக்குக்கூட இரவு, இரவச்சம் என இரண்டு அதிகாரங்கள் உள. விருந்தினனுக்கோ ஒன்றும் இல்லை.

இதற்குக் காரணம் காண்பது அரிதன்று. அந்நாளில் விருந்தினன் நடந்து வந்தான், களைத்து வந்தான், பசித்து வந்தான். ஏற்பவன் வலியவன், வருபவன் எளியவன். அறநூல் எப்பொழுதும் வலியவனை நோக்கியே தன் விரலை நீட்டும். இன்று அந்நிலை தலைகீழாயிற்று. விருந்தினன் காரில் வருகிறான், பையில் பணத்தோடும் கையில் படக்கருவியோடும் வருகிறான், மாலைக்குள் திரும்பிவிடுகிறான். அவனை எதிர்கொள்வதோ பெரும்பாலும் ஒரு சிற்றூர், ஒரு காடு, ஓர் ஆறு. வலிமை இடம் மாறிய பின் அறத்தின் கேள்வியும் இடம் மாற வேண்டுமன்றோ? இரண்டொரு நாள் ஓர் இடத்தைக் கண்டுகளிக்கச் செல்லும் நமக்கு அவ்விடத்தின்பால் கடன் ஏதும் உண்டா? உண்டெனில் அஃது யாது? இதனையே ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

எடுத்துக்காட்டுக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் ஒரு முறையேனும் கண்டிருக்கும் கல்லாற்றையே எடுத்துக்கொள்வோம். கல்லாறு என்றவுடன் மேட்டுப்பாளையத்துக்கு அப்பால் நீலகிரி மலை இரயில் பற்சக்கரம் பூட்டி ஏறத் தொடங்கும் கல்லாற்றை நினைப்பாரும் உளர். நாம் கூறுவது நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடிக்கு ஏறும் சாலையின் அடிவாரத்தே உள்ள கல்லாறு. கல், ஆறு என்னும் இரண்டு சொற்களும் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவானவை. பெயரே பொருள் உரைக்கும். ஆற்றின் படுகை முழுதும் உருண்டு திரண்ட கற்கள். எத்தனையோ காலமாக நீர் உருட்டி உருட்டித் தேய்த்தமையால் கூர்மை இழந்து வழுவழுப்பானவை அவை.

நகரத்தினின்று பொன்முடி ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் புளியோதரையும் தயிர்ச்சாதமும் கட்டிக்கொண்டு புறப்படும் குடும்பம் கல்லாற்றில் இறங்கும். குழந்தைகள் நீரில் கால் நனைப்பார்கள். படங்கள் எடுக்கப்படும். பின்னர் 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பொன்முடியின் பனிமூட்டத்தில் அரைமணி நேரம் நிற்பார்கள். சற்று ஊக்கமுள்ளோர் வனத்துறையின் நுழைவுச் சீட்டுப் பெற்று, காட்டுவழியே நடந்து மீன்முட்டி அருவியையும் காண்பார்கள். மீன்களும் மேலே ஏற இயலாது முட்டி நிற்கும் இடம் என்பது அப்பெயரின் பொருள். மாலையில் வீடு திரும்பி, 'கல்லாறு பார்த்தாயிற்று' என்பார்கள்.

பார்த்தது என்ன? நீரையும் கல்லையும் பார்த்தார்கள். அந்நீர் எங்குச் செல்கிறது என்று பார்த்தார்களா? கல்லாறு கீழிறங்கி வாமனபுரம் ஆறாகி, வழியிலுள்ள ஊர்களுக்குக் குடிநீராகிப் பின்னர் அஞ்சுதெங்குக் காயலைச் சேர்கிறது. மேலே ஒருவர் பாறையிடுக்கில் செருகிவிட்டு வரும் நெகிழிப் பை மழைக்காலத்து வெள்ளத்தில் அதே வழியில்தான் இறங்கும். ஒரு நாள் விருந்தினன் விட்டுச் செல்லும் எச்சில் இலையை யாரோ ஒருவர் குடிநீரில் காண நேர்கிறது. இஃது ஒரு சிறு செய்தியே எனினும், 'நாங்கள் பார்க்கத்தான் போனோம், எதையும் எடுக்கவில்லை, எவருக்கும் தீங்கு செய்யவில்லை' என்னும் வாதத்தை ஐயுற இது போதும்.

கல்லாற்றில் மனிதரும் வாழ்கின்றனர் என்பதைப் பயணியர் பலர் எண்ணுவதில்லை. அகத்திய மலைத்தொடரின் இருபுறத்தும் காணிக்காரர் என்னும் பழங்குடி மக்கள் வாழ்ந்து வருகின்றனர். கேரளப் பக்கத்தில் உள்ளவாறே திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களிலும் அவர்கள் உளர். நாம் பொதிகை என்று போற்றி அகத்தியரோடும் தமிழோடும் இணைத்துப் பேசும் மலை அவர்களுக்கு வாழ்மனை. கல்லாற்றுக் காட்டில் வாழ்ந்து வரும் காணிப் பெண்மணியாகிய இலட்சுமிக்குட்டி அம்மையார் பச்சிலை மருத்துவத்திலும் நஞ்சு முறிவிலும் தேர்ந்தவர். 1995ஆம் ஆண்டில் கேரள அரசு அவருக்கு நாட்டு வைத்திய இரத்தினம் என்னும் விருதளித்தது. 2018ஆம் ஆண்டில் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது. அருவியின் குளிர்ச்சியைத் தேடி ஆயிரக்கணக்கானோர் செல்லும் அதே காட்டுக்குள் நோய் தீர வேண்டி அவரைத் தேடிச் செல்வோரும் இருந்தனர். இருவகையினரும் ஒரே சாலையில் சென்றவர்களே. முன்னவர்க்குக் கல்லாறு ஒரு காட்சி. பின்னவர்க்கோ அது கேட்டுப் பெற வேண்டியதொன்றைத் தன்னிடத்தே வைத்திருக்கும் வீடு. கேட்கச் செல்பவன் தானாகவே பணிவு கொள்கிறான். பார்க்கச் செல்பவனுக்கு அப்பணிவு தானாக வருவதில்லை. அவன் முயன்று வருவித்துக்கொள்ள வேண்டியுள்ளது.

இம்மலைத்தொடரிலேயே விருந்தினர் அறம் பெரிதாகச் சோதிக்கப்பட்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1987ஆம் ஆண்டில் அறிவியலாளர் குழுவொன்று ஆய்வுக்காக அகத்திய மலைக் காட்டில் நடந்தது. வழிகாட்டிகளாக வந்த காணி இளைஞர்கள் ஏதோ ஒரு கனியை மென்றவாறு களைப்பின்றி ஏறியதை அவர்கள் கண்டனர். அஃது எச்செடியின் கனி என்று வினவியபோது, குலத்து மறைபொருளாதலின் இளைஞர்கள் முதலில் கூறத் தயங்கினர். பின்னர்க் காட்டிக் கொடுத்தனர். அதுவே ஆரோக்கியப்பச்சை எனப்படும் செடி. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதனின்று 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கியது. 1995ஆம் ஆண்டில் கோயம்புத்தூரைச் சேர்ந்த மருந்து நிறுவனம் ஒன்றுக்கு அதனைத் தயாரிக்கும் உரிமம் 10 இலட்சம் ரூபாய்க்கும், விற்பனையில் நூற்றுக்கு 2 பங்குக்கும் அளிக்கப்பட்டது. இவ்வருவாயில் பாதி காணி மக்களுக்கு என முடிவாயிற்று. அதனைப் பெறுதற்பொருட்டு 1997ஆம் ஆண்டில் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் பதிவு செய்யப்பட்டது. வந்து கண்டவர் காட்டியவர்க்குப் பங்கு கொடுத்த இச்செயல் உலக நாடுகளின் கவனத்தை ஈர்த்தது.

ஆயின் இக்கதையை இத்துடன் முடித்து மகிழ்வது நேர்மையாகாது. தங்களைக் கலந்து பேசவில்லை என்று காணிக்காரருள் ஒரு சாரார் குறைகூறினர். செடியைப் பயிரிட்டு விற்பதில் வனத்துறை விதிகள் குறுக்கிட்டன. பங்கு கொடுத்தவர் நல்லெண்ணத்தோடு கொடுத்தார் எனினும், எவரிடம் கேட்பது, எவருக்குக் கொடுப்பது, குலத்தார் அனைவருக்கும் உரிய அறிவை இரண்டு மூன்று பேர் கொடுத்தல் தகுமா என்னும் வினாக்கள் எஞ்சியே நின்றன. இதனின்று நாம் பெறும் பாடம் இரண்டு. விருந்தினன் எடுத்துச் செல்வதற்கு ஈடு செய்யக் கடமைப்பட்டவன் என்பது ஒன்று. ஈடு செய்துவிட்டமையாலேயே கடன் தீர்ந்ததென்று அவன் தானே முடிவு கட்டிவிட இயலாது என்பது மற்றொன்று.

'அறிவியலார் செடியை எடுத்தனர். நாமோ வெறுங்கண்ணால் பார்த்தோம். பார்ப்பதில் என்ன குறைந்துவிடும்?' என்று ஒருவர் கேட்கலாம். பார்ப்பதாலேயே குறைந்த நகரம் ஒன்று உலகில் உண்டு. இத்தாலி நாட்டின் வெனிஸ் நகரத்தைக் கூறுகிறோம். கால்வாய்களே தெருக்களாகிய அப்பழம்பதியின் மையப் பகுதியில் 1951ஆம் ஆண்டில் ஒன்றே முக்கால் இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். 2022ஆம் ஆண்டில் அத்தொகை 50,000க்கும் கீழே இறங்கியது. வீடுகள் விடுதிகளாயின. அடுத்த ஆண்டில் பயணியர்க்கான படுக்கைகள் குடியிருப்போர் எண்ணிக்கையையும் விஞ்சின என்று அந்நகரத்தார் கணக்கிட்டனர். வந்தவர் எவரும் கல்லொன்றையும் பெயர்த்துச் செல்லவில்லை. காண வந்தார்கள், அவ்வளவே. காண வந்தோரின் பெருக்கமே காணப்பட்டோரை மெல்ல வெளியேற்றியது. கட்டடங்கள் நின்றன; ஊர் குறைந்தது.

2024ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் முதல், கூட்டம் மிகுந்த குறிப்பிட்ட நாள்களில் பகற்பொழுது மட்டும் வந்து செல்வோரிடம் அந்நகராட்சி 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. அதன் விதிகள் சிந்தனைக்கு விருந்தாவன. இரவு தங்குவோர்க்கு இக்கட்டணம் இல்லை. அவர்கள் தங்கும் வரியை வேறாகச் செலுத்துகின்றனர். அங்கே பணிபுரிவோர்க்கும் கல்வி பயில்வோர்க்கும் இல்லை. அங்கே பிறந்து வேறிடம் சென்று வாழ்வோர்க்கும் இல்லை. ஓர் ஊரோடு மனிதனுக்குரிய உறவு எத்தனை வகைப்படும் என்பதை நகராட்சி அலுவலகம் ஒன்று பட்டியலிட்டுக் காட்டியிருக்கிறது. ஆயினும் 5 யூரோ கொடுத்தவன் கடன் தீர்ந்ததென எண்ணக் கூடுமோ? கட்டணம் செலுத்தியவன் சில வேளைகளில் முன்னினும் செருக்கோடு நடப்பதை நாம் கண்டிருக்கிறோம். சீட்டு வாங்கிவிட்டோம் என்னும் எண்ணமே குப்பையை வீசும் கைக்குத் துணிவைத் தருகின்றது.

இனி எதிர்வாதத்தையும் முறையாகக் கேட்போம். ஆறு நாள் உழைத்துக் களைத்தவன் ஏழாம் நாள் குடும்பத்தோடு ஓர் ஆற்றங்கரையில் அமர்வதற்கு இத்தனை ஆராய்ச்சி வேண்டுமா? குறுகிய வருவாயும் குறுகிய விடுப்பும் உடைய குடும்பத்துக்கு அந்த ஒரு நாளே ஆண்டின் பெருமகிழ்ச்சி. அதிலும் குற்றவுணர்ச்சியைக் கலப்பது கொடுமையன்றோ? இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஓய்வு மனிதனின் உரிமை. ஓரிடத்தின் வரலாற்றையும் மக்களையும் முற்றக் கற்ற பின்னரே அங்குச் செல்லல் வேண்டும் என்றால் எவரும் எங்கும் செல்லவியலாது. ஒரு நாளே தங்கினான் என்பதும் குற்றமாகாது. கேரளத்தைச் சேர்ந்த பாறேம்மாக்கல் தோமாக் கத்தனார் 1778ஆம் ஆண்டில் புறப்பட்டு உரோமாபுரிக்குச் சென்று திரும்பியபோது 1786ஆம் ஆண்டு ஆகியிருந்தது. தம் சபையாரின் குறைகளை எடுத்துரைக்கச் சென்ற அவர் கண்டவற்றையும் பட்டவற்றையும் மலையாளத்தில் எழுதினார். இந்திய மொழிகளில் எழுந்த முதல் பயணநூல் என அது போற்றப்படுகின்றது. அவ்வுரோமாபுரியை இன்று இரண்டு நாளில் கண்டு திரும்புகின்றனர். எட்டாண்டு சென்றவர் உயர்ந்தவர், இரண்டு நாள் சென்றவர் தாழ்ந்தவர் என்று நாம் கூறோம். அவர் தம்மவர்க்காகச் சென்றார், தம்மவர்க்காக எழுதினார் என்பதே நாம் கருதத்தக்கது.

இங்கே நம் பழந்தமிழ் மரபு துணை நிற்கிறது. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். வள்ளல் ஒருவனிடம் சென்று பரிசில் பெற்று வந்தவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொருவனுக்கு வழிகூறுவதே அவற்றின் அமைப்பு. செங்கண்மா நன்னனிடம் ஆற்றுப்படுத்தும் மலைபடுகடாம் மலைவழியின் இடர்களை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கின்றது. வழுக்கும் இடம் எது, பன்றிக்கு வைத்த பொறி எங்குள்ளது, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லினின்று எவ்வாறு தப்புவது என்பனவெல்லாம் அதில் உண்டு. அப்பாணரும் கூத்தரும் நெடுநாள் தங்கியவர் அல்லர். சின்னாள் தங்கிய விருந்தினரே. ஆயினும் பெற்ற விருந்துக்குரிய கடனை அவர்கள் எவ்வாறு தீர்த்தார்கள்? அடுத்து வருபவனுக்கு உண்மையான வழியைச் சொல்லித் தீர்த்தார்கள். கொடுத்தவனுக்குத் திருப்பித் தரவியலாததைப் பின்வருபவனுக்குத் தந்தார்கள். வள்ளுவர் எழுதாத விருந்தினர் அதிகாரம் ஆற்றுப்படை நூல்களில் இருக்கின்றது என்பது நம் துணிபு.

கல்லாற்றுக்கு இதனைப் பொருத்திப் பார்க்கலாம். அங்கே நீரின் மேற்பரப்பு அமைதியாகத் தோன்றும் இடத்தில் கீழே கயங்கள் உள. பாசி படிந்த உருண்டைக் கற்கள் கால் வைத்தவுடன் வழுக்கும். மலையில் மழை பெய்தால் அடிவாரத்தில் வெயில் காயும்போதே நீர் திடுமெனப் பெருகி வரும். நீராட இறங்கி உயிர் இழந்தோர் பலர். எச்சரிக்கைப் பலகைகளும் உள. ஆண்டுதோறும் எடுக்கப்படும் எண்ணற்ற படங்கள் நீரின் அழகை ஊரெங்கும் பரப்புகின்றன. அவற்றுள் எத்தனை படங்கள் அக்கயங்களைப் பற்றிப் பேசுகின்றன? அழகை மட்டும் காட்டி ஆழத்தை மறைக்கும் பயணச் செய்தி அறத்தினின்று வழுவியதாகும். மலையாளம் படிக்கத் தெரியாத பெற்றோருக்குப் பள்ளியில் மலையாளம் பயிலும் நம் பிள்ளைகள் அப்பலகையைப் படித்துக் காட்டுவது ஒரு சிறு செயலே. அந்த ஒரு செயலால் அவ்வூர் நம்மோடு பேசவும் நாம் அதற்குச் செவிசாய்க்கவும் நேர்கின்றது.

இவ்வளவு கூறிய பின், புலம்பெயர்ந்து வாழும் நமக்கே உரிய ஒரு கோணத்தையும் தொட்டுச் செல்லுதல் வேண்டும். நம்முள் பலர் மத்திய அரசு ஊழியர். எல்.டி.சி. என்னும் விடுப்புப் பயணச் சலுகையை அறியாதார் இலர். நான்காண்டுத் தொகுதி ஒன்றில் சொந்த ஊருக்கும், ஒருமுறை இந்தியாவில் எவ்விடத்துக்கும் சென்று வர அது வழிவகுக்கிறது. இதற்காக ஒவ்வோர் ஊழியரும் தம் சொந்த ஊர் எதுவென எழுதிக் கொடுத்தல் வேண்டும். பணிக்காலம் முழுவதிலும் அதனை ஒரே ஒருமுறைதான் மாற்றவியலும். சொந்த ஊர் என்பதற்குரிய அளவுகோல்களுள் முதன்மையாக வைக்கப்பட்டது எது தெரியுமா? குடும்பக் கடமைகளையும் சமூகக் கடமைகளையும் நிறைவேற்ற ஊழியர் அவ்வப்போது நேரில் சென்றாக வேண்டிய இடமா என்பதே அது. சொத்து, சுற்றம், முன்பு வாழ்ந்த காலம் முதலியன அதன் பின்னரே கருதப்படுகின்றன. கோப்புகளுக்கிடையே கிடக்கும் இவ்விதியில் ஒரு மெய்ப்பொருள் ஒளிந்திருப்பதாக நாம் கருதுகிறோம். ஊரைச் சொந்தமாக்குவது பிறப்பு மட்டும் அன்று. ஆங்கே நமக்கொரு கடமை இருத்தலே அதனைச் சொந்தமாக்குகின்றது.

இவ்விதியின் வெளிச்சத்தில் நம் நிலையைப் பார்த்தல் நன்று. இருபது ஆண்டுகளாக இந்நகரத்தில் வாழ்ந்தும் இதனை ஒரு விடுதியாகவே கருதுவோர் நம்மிடையே உண்டு. அதேவேளையில், திருநெல்வேலிப் பக்கத்திலோ தஞ்சைப் பக்கத்திலோ உள்ள தம் ஊருக்கு நான்கு நாள் சென்று, தேரையும் தெப்பக்குளத்தையும் படமெடுத்துக்கொண்டு, முதிய அத்தையின் வீட்டில் ஒருவேளை உண்ணவும் நேரமின்றித் திரும்புவோரும் உண்டு. வாழும் ஊரில் விருந்தினராகவும், பிறந்த ஊரில் பயணியராகவும் நம் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்களாயின், கடமை என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு எந்த ஊரும் எஞ்சாது. வெனிஸ் நகராட்சி அங்குப் பிறந்தவனுக்குக் கட்டணத்தை விலக்கிவிடலாம். பிறந்த மண் நமக்குக் கடமையை விலக்கிவிடவில்லை. காண்பதோடு நிறைவு பெறும் கண் கல்லாற்றில் தொடங்கிச் சொந்தத் தெருவரைக்கும் பழகிவிடும் என்பதே நம் அச்சம். கல்லாற்றுப் பயணத்தை இத்துணை விரித்துப் பேசியதற்கும் இவ்வச்சமே காரணம்.

ஆதலின் நாம் துணியும் முடிவு இது. குறுகிய பயணம் தவறன்று. தங்கும் காலத்தின் அளவுக்கு ஏற்பக் கடன் சிறிதாகலாம். முற்றும் இல்லாது போகாது. ஒரு நாள் விருந்தினன் மூன்று செயல்களால் அதனை ஓரளவு தீர்க்கலாம். செல்லுமுன் அவ்விடத்தில் வாழ்வோர் யாவர் என்பதைக் கேட்டறிதல் முதலாவது. அங்கிருக்கும் பொழுது, கீழேயுள்ள ஊரார் குடிக்கும் நீர் இது என்னும் நினைவோடு நடத்தல் இரண்டாவது. திரும்பிய பின், அழகோடு ஆழத்தையும் சேர்த்து அடுத்தவர்க்கு உண்மை வழி கூறுதல் மூன்றாவது. இம்மூன்றற்கும் பொருட்செலவு இல்லை, விடுப்பும் தேவையில்லை.

அடுத்த விடுமுறையில் நம் குடும்பங்கள் கல்லாற்றுக்கும் செல்லட்டும். இயன்றோர் கடல் கடந்த பழம்பெரும் நகரங்களுக்கும் செல்லட்டும். இச்சங்கத்தின் கூட்டங்களில், கண்டு வந்தோர் தாம் கண்டதை மட்டுமின்றி அவ்வூர் மக்களிடம் கேட்டறிந்ததையும் நம் இளைஞர்க்குச் சில மணித்துளிகள் எடுத்துரைக்கும் வழக்கம் ஏற்பட்டால் அஃது இக்காலத்து ஆற்றுப்படையாய் அமையும். விருந்தோம்பலில் பெயர் பெற்ற இனம் விருந்தினராய் இருப்பதிலும் பெயர் பெறுமாக.